செல்லிக்கு ஒரு பாவாடை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் உள்ளே வந்தபோது, கல்பாக்கம் டவுன்ஷிப்பில் எல்லாரும் யாரோ ஒருவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். கீழ்வீட்டுக்காரர் மகனைக் கூப்பிட்டார். எதிர் பிளாக் பெண் நைட்டியோடு தெருவில் நின்று கணவன் பெயரைச் சொல்லி அலறினாள். அவள் அவன் பெயரை வாய்விட்டுச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பார்வதம் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றாள். ஸ்கூட்டர்களையும் கேஸ் சிலிண்டர்களையும் புரட்டிக்கொண்டு கறுப்பாக வந்த தண்ணீர், அவள் பிளாக்கின் முதல் படிகளில் ஏறி நின்றது. அவளுக்கும் கத்த வேண்டும் போலத்தான் இருந்தது. கூப்பிடத்தான் ஆள் இல்லை.

பார்வதத்துக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. சொந்த ஊர் அம்பாசமுத்திரம். ஆராய்ச்சி மையத்தில் ஸ்டெனோவாக வேலை கிடைத்து, அம்மாவையும் அம்மாவின் தையல் மெஷினையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தவள். முதலில் தம்பியின் படிப்பு, பிறகு அம்மாவின் பக்கவாதம் என்று கல்யாணம் தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் அதைப் பற்றிப் பேசுவதையே எல்லாரும் விட்டுவிட்டார்கள். தொண்ணூற்றி ஏழில் அம்மா போனாள். தம்பி சுப்புராமன் ஊரப்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு மனைவி மக்களோடு இருந்தான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பார்வதம் அங்கே போவாள், மறுநாள் திரும்பிவிடுவாள். மற்ற நாட்களில் ஆபீஸ், கோயில், சனிக்கிழமை லைப்ரரி. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் பொழுது சாய்ந்துவிடுவது உண்டு. திங்கட்கிழமை காலை ஆபீஸில் "குட் மார்னிங்" சொல்லும்போது தொண்டை கட்டியிருக்கும்.

அலை வடிந்த சாயங்காலமே டவுன்ஷிப் காலியாகத் தொடங்கியது. பஸ், வேன், லாரி என்று கிடைத்ததில் ஏறி மதுரைக்கும் கும்பகோணத்துக்கும் நாகர்கோவிலுக்கும் போனார்கள். இன்னொரு அலை வரும் என்றார்கள். கீழ்வீட்டுக்காரரின் மகன் கிடைத்துவிட்டான். பக்கத்து பிளாக்கில் சிலர் கிடைக்கவில்லை. வேனில் ஏறியவர்கள், "வாங்க மேடம், ஒரு சீட் இருக்கு" என்று பார்வதத்தையும் கூப்பிட்டார்கள். எங்கே போய் இறங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்பாசமுத்திரம் வீட்டை விற்றுப் பல வருஷமாகியிருந்தது. ஊரப்பாக்கத்துக்குப் போகலாம்தான். ஆனால் தம்பி இன்னும் போன் செய்யவில்லை. லைன் கிடைக்காமல் இருந்திருக்கும் என்று அவளே சொல்லிக்கொண்டாள். லைன் கிடைத்த பிறகும் அவன் ஒரு நாள் தாமதித்துத்தான் கூப்பிட்டான். "அக்கா, டவுன்ஷிப்புக்குள்ள ஒண்ணும் பெரிசா இல்லியாமே, டீவில சொன்னாங்க" என்றான்.

அவள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் சாராள் புதன்கிழமை வந்தாள். சாராளுக்கு ஊர் மேற்கே, வயல் பக்கம். அவள் அப்பன் காலம்வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. இப்போது சாராள் காலையில் டவுன்ஷிப்பில் நாலு வீடு பார்த்துவிட்டு, பகலில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேல்புறம் உள்ள பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்க உதவுகிறாள். கதவைத் திறந்த பார்வதத்தைப் பார்த்ததும் அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எம்மா, நீ இங்கியேதான் கீறியா? அல்லாரும் பூட்டாங்களே, நீயும் பூட்டியோன்னு நெனச்சேன்."

"எங்க போக? உள்ள வா. காப்பி குடிக்கிறியா?"

காப்பி குடித்துக்கொண்டே சாராள் சொன்னாள். கடலோரத்தில் இருந்த புன்னைக்குப்பத்து மீனவ ஜனம் மொத்தமும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறது. அங்கே இரவும் பகலும் அடுப்பு எரிகிறது. சோற்றுக்குக் குறைவில்லை, அரிசி வருகிறது, பொட்டலம் வருகிறது.

"ஆனா பொம்பளைங்க ரூமை வுட்டு வெளிய வரமாட்றாங்கம்மா. ஏன்னு கேட்டா வாயத் தொறக்கல. அப்புறம்தான் ஒருத்தி சொன்னா. அலை அடிச்சப்ப போட்டிருந்ததுதான் இன்னமும் மேல கீது. முள்ளுல மாட்டி அல்லாம் கிழிஞ்சி பூட்ச்சி. பொடவை குடுக்குறாங்க, பொடவை. உள்பாவாட யாரு குடுத்தா? ஜாக்கெட்டு யாரு குடுத்தா? பொடவைய சும்மா சுத்திகினு ஆம்பளைங்க முன்னால எப்படி வந்து நிப்பாங்க?"

பார்வதம் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் மெஷின் ஜன்னலோரம் துணி போட்டு மூடிக் கிடந்தது. அவள் அதில் தனக்கு மட்டும்தான் தைத்துக்கொள்வாள்.

அன்றைக்கே அவள் சாராளோடு கிளம்பிவிட்டாள். டவுன்ஷிப்புக்கு மீனும் ஐஸும் கொண்டுவரும் கண்ணாயிரம் என்பவனைச் சாராள் எங்கிருந்தோ பிடித்து வந்தாள். அலை வந்த நேரத்தில் அவன் திருக்கழுக்குன்றத்தில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்ததால் உயிரோடு இருந்தான். அவனுடைய மீன்பாடி வண்டியில் மெஷினை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள்.

"இன்னா மேடம், வூட்டக் காலி பண்றியா?" என்றான்.

"இல்ல. தைக்கப் போறேன்."

அவன் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு மிதித்தான். வழியெல்லாம் சாலையோரத்தில் பழைய துணி குவிந்து கிடந்தது. நிவாரணம் என்று எங்கிருந்தோ லாரி லாரியாக வந்து கொட்டியது. ஜீன்ஸ், கோட்டு, கம்பளிச் சட்டை, ஜிகினா வைத்த கவுன். ஆடுகள் அதன்மேல் ஏறி நின்றன. குப்பத்து ஆட்கள் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை.

பள்ளிக்கூடத்தில் பெண்கள் இருந்த வகுப்பறையின் ஒரு மூலையில் மெஷினை இறக்கினார்கள். கரும்பலகையில் அரையாண்டுப் பரீட்சைக்கு முன் எழுதிய கணக்கு அழியாமல் இருந்தது. சுவரோரமாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைமுடியில் இன்னும் மணல். ஒருத்தியும் இவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்வதம் புது ஆட்களிடம் பேசிப் பழகியவள் அல்ல. பாபினில் நூல் சுற்றினாள். அதைச் சுற்றி முடித்த பிறகும் யாரும் அசையாததால், தேவையில்லாமல் இன்னொன்றும் சுற்றினாள்.

கடைசியில் ஒரு வயதான பெண் எழுந்து வந்தாள். "எனக்கு ஒண்ணு தெச்சிக் குடும்மா. கெழவிக்கு இன்னா வெக்கம்" என்று சொல்லிக்கொண்டே கையை விரித்து நின்றாள்.

அம்மாவைக் கடைசியாகக் குளிப்பாட்டிய பிறகு பார்வதம் இன்னொரு உடம்பைத் தொட்டதில்லை. டேப்பை மெதுவாகத் தோளில் வைத்தாள். தோள், மார்பு, இடுப்பு, கை நீளம். கருவேல முள் கிழித்த காயங்கள் முதுகில் வரிவரியாக இருந்தன. அவற்றில் படாமல் டேப்பைச் சுற்றினாள். கிழவிக்குப் பிறகு ஒருத்தி வந்தாள், அப்புறம் இன்னொருத்தி. மார்பளவு எடுக்க டேப்பைச் சுற்றியபோது ஒரு சின்னப் பெண் அப்படியே அவள் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். பார்வதம் டேப்பைப் பிடித்தபடியே நின்றாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் செங்கல்பட்டு கடைத்தெருவுக்குப் போய் லாங் கிளாத்தும் பாப்ளினும் ஜாக்கெட் துணியும் கட்டுக் கட்டாக வாங்கி வந்தாள். கடைக்காரர் தன் பங்குக்கு நூல் கண்டுகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். ஆபீஸ் திறந்ததும் லீவு எழுதிக் கொடுத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படித் தொடர்ந்து லீவு எடுத்ததே இல்லை. காலையில் வந்தால் இருட்டும் முன் திரும்புவாள். சாராள் அவளுக்கு ஒரு தட்டில் சோறு கொண்டுவந்து மெஷின் பலகையிலேயே வைப்பாள். பெண்கள் புது ஜாக்கெட் போட்டு, உள்பாவாடை கட்டி, அதன்மேல் புடவையைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே போய்க் குழாயடியில் நின்றார்கள். வரிசையில் நின்றார்கள். அதிகாரிகளிடம் சண்டை போட்டார்கள். சண்டைச் சத்தம் கேட்டபோது சாராள் சிரித்தாள். "இப்பதாம்மா குப்பம் மாரி கீது" என்றாள்.

அவர்கள் அவளை "டெய்லர்க்கா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். டவுன்ஷிப்பில் இருபது வருஷமாக அவள் மேடம்தான். அக்கா என்று தம்பி மட்டும்தான் கூப்பிடுவான்.

ஒருத்தி மட்டும் அளவு கொடுக்க வரவில்லை. அவள் பெயர் கண்ணகி. முப்பத்தைந்து வயது இருக்கும். பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கிழிந்த புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தே இருப்பாள். அவள் புருஷன் தேசிங்கு அன்றைக்கு ஆழக் கடலில் இருந்ததால் பிழைத்தான். திரும்பி வந்து பார்த்தால் வீடு இல்லை. இப்போது அவன் பகலெல்லாம் கரையில் போய் உட்கார்ந்திருக்கிறான். ஒரு பனைமரத்தில் மாட்டிக்கிடந்த கண்ணகியை ஆட்கள் ஏறி இறக்கினார்கள். இதெல்லாம் சாராள் சொன்னது. பார்வதம் அதற்குமேல் கேட்கவில்லை. யாரிடமும் யாரைப் பற்றியும் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று அவள் நினைத்திருந்தாள்.

பொங்கலுக்குச் சில நாள் இருக்கும்போது ஒரு பிற்பகலில் கண்ணகி தானாகவே மெஷினுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எக்கா, ஒரு பாவாட தெச்சித் தரியா?"

"தாராளமா. வாங்க, அளவு எடுக்கிறேன்."

"எனக்கு இல்ல. எம் பொண்ணுக்கு."

பார்வதத்துக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. "கூட்டிட்டு வாங்களேன். சின்னப் பிள்ளைன்னா உடனே தைச்சிரலாம்."

கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசலில் குழம்பு வாளியோடு நின்ற சாராள் அதைக் கீழே வைத்துவிட்டு வேகமாக வந்து பார்வதத்தின் காதில் சொன்னாள். "பொண்ணு இல்லம்மா. தண்ணி கொண்டுகினு பூட்ச்சி. ஒடம்பு கெடைக்கவே இல்ல. கருமாதி வருது, படையல்ல வெக்கக் கேக்குறா."

பார்வதம் எழுந்து நின்றாள். கண்ணகி அவள் பதிலுக்குக் காத்திருந்ததாகத் தெரியவில்லை.

"செல்லின்னு பேரு. ஒம்போது வயசு. கடையில ரெடிமேட் வாங்கலாம்னாரு எங்கூட்டுக்காரு. வேணான்ட்டேன். அவளுக்கு ரெடிமேடு நிக்காது. இடுப்பு சின்னது, நயுவி வுயிந்துடும்."

"சரி."

"அளவுக்கு இன்னா பண்றது?"

செல்லி வயதுப் பெண் பிள்ளைகள் அந்த அறையிலேயே இருந்தார்கள். ஒரு பிள்ளையை நிறுத்தி அளந்துவிடலாம். ஆனால் படையலுக்குத் தைக்கும் துணிக்கு எந்தத் தாய் தன் பிள்ளையைக் கொடுப்பாள்? அதைக் கேட்கவும் கூடாது என்று பார்வதத்துக்குப் புரிந்தது. "உங்களுக்குத் தெரியும்ல, நீங்களே காட்டுங்க" என்றாள்.

கண்ணகி நிமிர்ந்து நின்றாள். உள்ளங்கையைத் தரைக்கு நேராக வைத்து, மேலும் கீழும் நகர்த்திப் பார்த்து, தன் மார்புக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தினாள். "இங்க தல வரும். அப்ப இடுப்பு..." கையை இறக்கினாள். "இங்க." பார்வதம் தரையில் மண்டியிட்டு, டேப்பின் நுனியைத் தரையில் மிதித்துக்கொண்டு, அந்தக் கைவரைக்கும் அளந்தாள்.

"இடுப்பு எவ்வளவு இருக்கும்?"

கண்ணகி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி விரல்களைக் கோத்து ஒரு வட்டமாகப் பிடித்தாள். கொஞ்சம் பெரிதாக்கினாள். பிறகு சின்னதாக்கினாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போது எப்படிப் பிடிப்பாளோ அப்படி. "இவ்ளோதான் இருப்பா" என்றாள். கைகள் ஆடாமல் இருந்தன. பார்வதம் அந்தக் கைகளுக்கு உள்பக்கமாக, ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்து நுனியைச் சேர்த்தாள். எண்ணைப் படிக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். கண்ணகி அதுவரைக்கும் கையை எடுக்கவே இல்லை.

துணி எந்த நிறம் என்று கேட்டதற்கு, "கத்திரிப்பூ கலரு" என்றாள். போகத் திரும்பியவள் நின்று, "எக்கா, கீய நல்லா மடிப்பு வெச்சி தை. வளர்ற பொண்ணு" என்றாள்.

சொல்லிவிட்டுத்தான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வைக்கிறேன்" என்றாள் பார்வதம்.

அன்று மாலையே திருக்கழுக்குன்றம் போய்க் கத்திரிப்பூ நிறத்தில் துணி வாங்கினாள். கீழே மடிப்பு வைத்தாள், கண்ணகி சொன்னபடியே, இரண்டு விரல் அகலத்துக்கு. பிரித்தால் இரண்டு வருஷம் கட்டலாம். கரையில் மஞ்சள் லேஸ் வைத்தாள். இடுப்புக்கு நாடா கோத்தாள். தைத்து முடித்ததும் அதை மடியில் விரித்து நெடுநேரம் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அம்மா தனக்குத் தைத்த பாவாடைகளுக்குப் பிறகு ஒரு சின்னப் பெண்ணின் பாவாடை அவள் மடியில் கிடப்பது அதுதான் முதல் தடவை.

கருமாதியன்று கண்ணகியின் வீடு இருந்த இடத்துக்குப் போனார்கள். சிமெண்டுத் தரை மட்டும் இருந்தது. கண்ணகி அதைக் கூட்டிக் கழுவி, இலை போட்டாள். இட்லி, வடை, சக்கரைப் பொங்கல். செல்லிக்குச் சேமியா ஐஸ் என்றால் உயிராம். கண்ணாயிரம் பிளாஸ்கில் வைத்துக் கொண்டுவந்தான். இலையில் வைத்த மறுநிமிஷமே அது உருக ஆரம்பித்தது. "இர்டி, காக்கா வரட்டும்" என்றாள் கண்ணகி, இலையைப் பார்த்து. தேசிங்கு தள்ளி நின்று தேம்பினான். இலைக்குப் பக்கத்தில் பாவாடை மடித்து வைத்திருந்தது. பார்வதம் ஓரமாக நிற்கப் போனாள். கண்ணகி அவள் கையைப் பிடித்து இழுத்துச் சொந்தக்காரர்கள் வரிசையில் நிறுத்தினாள்.

படைத்த துணியை வீட்டு ஆள் யாராவது உடுத்த வேண்டும் என்பது வழக்கம். வீட்டில் அந்த அளவில் ஆள் இல்லை. கிழவிகள் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். கடலில் விடலாம் என்றான் தேசிங்கு. "அதுக்குக் குடுத்தது போதாதா?" என்று கண்ணகி சீறினாள். அப்போது அடுத்த வீடு இருந்த இடத்திலிருந்து ஒரு பெண், அலையில் பிழைத்த தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"கண்ணகி, எம் பொண்ணு கட்டிக்கட்டும். ரெண்டும் ஒண்ணாத்தான திரியும்."

கண்ணகி பாவாடையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ. யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு குனிந்து, அந்தப் பிள்ளை போட்டிருந்த கவுனுக்கு மேலேயே தானே கட்டிவிட்டாள். நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டாள். பாவாடை கணுக்கால்வரைக்கும் சரியாக நின்றது. பிள்ளைக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. எல்லாரையும் பார்த்துவிட்டு ஓடிப்போனது. கண்ணகி அந்த ஈரத் தரையில் உட்கார்ந்தாள். பார்வதம் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் கண்ணகி அழுதாள் என்று சாராள் பிறகு சொன்னாள்.

அந்த மாசக் கடைசியில் தார் ஷீட் கொட்டகைகள் எழுந்தன. குப்பத்து ஜனம் பள்ளிக்கூடத்திலிருந்து அங்கே போனது. பல ஊர்களிலிருந்து அமைப்புகள் வந்தன, ஜீப்புகள் நின்றன. ஓர் அமைப்பு, பெண்களுக்குத் தையல் பயிற்சி மையம் தொடங்கியது. வரிசையாகப் புது மெஷின்கள், சம்பளத்துக்கு ஒரு டீச்சர். அதை நடத்திய பெண் நல்லவள்தான். பார்வதத்திடம் மரியாதையாகத்தான் கேட்டாள்: "நீங்க எந்த ஆர்கனைசேஷன் மேடம்?"

"எதுவும் இல்ல. நான் இங்க பக்கத்துலதான் இருக்கேன்."

"ஓ, தனியாவா?"

"ஆமா. தனியாத்தான்."

மையம் வந்தது நல்லதுதான் என்று பார்வதம் மனசாரச் சொன்னாள். கற்றுக்கொண்டால் அவரவர் துணியை அவரவர் தைத்துக்கொள்ளலாம். கண்ணாயிரம் மெஷினைத் திரும்ப மாடிக்கு ஏற்றி வைத்தான். டவுன்ஷிப் மறுபடி நிறைந்தது. ஊருக்குப் போனவர்கள் வந்து சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஆபீஸில் அவள் மீண்டும் மேடம் ஆனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கொட்டகைக்குப் போவாள். கண்ணகி டீயும் பன்னும் வாங்கி வைத்திருப்பாள். இரண்டு பேரும் அதிகம் பேசமாட்டார்கள். தார் ஷீட்டின் சூட்டில் உள்ளே இருக்க முடியாமல் வாசலில் நிழல் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். வாரம் முழுக்கப் பார்வதம் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தாள்.

இரண்டாயிரத்து ஆறில் ஆடி மாதம் கண்ணகி உண்டாகியிருந்தாள். செல்லி பிறந்த பிறகு அத்தனை வருஷம் தங்காத வயிறு. சேதி சொன்ன சாராள் வாய் ஓயாமல் சிரித்தாள். பார்வதத்துக்கும் கால் தரையில் நிற்கவில்லை. வெள்ளை மல் துணி எடுத்து, பிறக்கும் பிள்ளைக்குச் சின்னச் சின்னச் சட்டைகள் வெட்டினாள். உள்பக்கம் தையல் உறுத்தாமல் இருக்க எல்லாவற்றையும் கையாலேயே தைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றை எடுத்துக்கொண்டு போனாள்.

கண்ணகி சட்டைகளைப் பார்த்தாள். தொடவில்லை. டீ வந்தது. ஆறியது.

"எக்கா, ஒண்ணு சொன்னா கோச்சிக்குவியா?"

"சொல்லு."

"ஒன் கையால வேணாம். ஒன்னப் பாத்தாலே எனக்கு அந்தப் பாவாடதான் கண்ணுல வந்து நிக்குது. நீ வந்துட்டுப் போனா ரெண்டு நாளு சோறு எறங்கல. வவுத்துல புள்ள கீது." அவள் அழவில்லை, நேராகத்தான் பார்த்தாள். "ஒம் மேல இன்னா தப்பு? ஒரு தப்பும் இல்ல. என்னால முடியல, அவ்ளோதான்."

"சரி கண்ணகி."

"கோவமா?"

"இல்ல. நெசமாவே இல்ல." பார்வதம் சட்டைகளைப் பைக்குள் வைத்தாள். "ஒடம்பப் பாத்துக்கோ. கால்ல நீர் வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பார்வதம் தனக்குக் கோபம் வருகிறதா என்று உள்ளுக்குள் தேடிப் பார்த்தாள். வரவில்லை. கண்ணகி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மறக்கத் தொடங்கினால்தானே அவள் பிழைக்க முடியும்? இதெல்லாம் பார்வதத்துக்குப் புரிந்தது. புரிந்ததால் வலி குறைந்துவிடவில்லை. சட்டைகளைச் சாராளிடம் கொடுத்து, அவள் மகள் சிநேகாவின் குழந்தைக்குப் போடச் சொன்னாள். பிறகு அவள் குப்பத்துப் பக்கம் போகவில்லை. கண்ணகிக்குப் பெண் பிறந்ததும், அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு அவர்கள் குடிபோனதும் சாராள் வாயால்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் பழையபடி ஆயின. பழையபடி என்றுகூடச் சொல்ல முடியாது. முன்பு அவளுக்கு அந்த மௌனம் பழகியிருந்தது; இப்போது அது காதில் இரைந்தது. சில நாட்களில் ரேடியோவைப் போட்டுவிட்டுப் பக்கத்து அறையில் போய் உட்கார்ந்துகொள்வாள், யாரோ வீட்டில் பேசுவதுபோல் இருக்கும்.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஓய்வு பெற்றாள். ஆபீஸில் மாலை போட்டு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். "இங்க வந்துரு அக்கா, மாடி ரூம் சும்மாதான் கெடக்கு" என்றான் சுப்புராமன். சாமான்களை வேனில் அனுப்பிவிட்டாள். மெஷினைச் சிநேகா எடுத்துக்கொண்டாள். சாராள் பஸ் ஸ்டாண்டுவரை வந்து, "ஒடம்புக்கு ஒண்ணுன்னா போன் பண்ணும்மா, பறந்து வந்துடுவேன்" என்று சொல்லி, மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள்.

செங்கல்பட்டு பஸ்ஸில் பார்வதம் முன்பக்கம் உட்கார்ந்திருந்தாள். சதுரங்கப்பட்டினம் தாண்டியதும் மீன் கூடையோடு ஒருத்தி ஏற, கண்டக்டர் கத்தினார். "கூடைய மேல ஏத்தாதம்மா, நாறுது." "நாறாம மீனு மல்லிப்பூவா மணக்கும்? திருக்கழுக்குன்றத்துல எறங்கிடுவேன் நைனா, கம்முனு கெட" என்று பதில் கொடுத்துக்கொண்டே அவள் கூடையைக் காலடியில் தள்ளினாள். கண்ணகி. இடுப்பில் இரண்டு வயசுக் குழந்தை. உட்கார இருந்த ஒரே இடம் பார்வதத்தின் பக்கத்தில்தான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கண்ணகி உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா, எளச்சிட்ட?"

"வயசாகுதுல்ல. பாப்பாவா இது? என்ன பேரு?"

"சுஷ்மிதா." கண்ணகிக்கே சிரிப்பு வந்தது. "அவங்க அப்பன் வெச்ச பேரு. எனக்கு வாய்லயே நொயில. எங்க போற?"

"ஊரப்பாக்கம், தம்பி வீட்டுக்கு. இனிமே அங்கதான்."

"அங்க இன்னா கீது?"

"ஒண்ணும் இல்ல."

கண்ணகி ஜன்னல் பக்கம் பார்த்தாள். பஸ் வளைவில் திரும்பியபோது கூடை சரிந்தது. அதைப் பிடிக்கக் குனிந்தவள், யோசிக்காமல் குழந்தையைத் தூக்கிப் பார்வதத்தின் மடியில் வைத்தாள். குழந்தை மீன் வாசனையோடும் பவுடர் வாசனையோடும் அவள் மார்பில் சாய்ந்து, கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டது. அதற்கு மேல் கண்ணகி அதைத் திருப்பி வாங்கவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்து போனதைச் சொன்னாள். கெளுத்தி விலை ஏறிவிட்டதைச் சொன்னாள். புது வீட்டில் மழைக்கு ஒழுகுவதைச் சொல்லித் திட்டினாள். மொட்டை போடத் திருத்தணிக்குப் போக வேண்டும், தேசிங்குக்குத்தான் நேரம் இல்லை என்றாள். பார்வதம் "ம்" கொட்டிக்கொண்டே வந்தாள். குழந்தை விழித்துவிடும் என்று கையை அசைக்கவில்லை.

திருக்கழுக்குன்றம் வந்தது. கண்ணகி கூடையை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, மறுபடி ஏறிவந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வரட்டாக்கா?"

"போயிட்டு வா."

"நல்லா துன்னு. எளச்சிட்ட" என்று மறுபடியும் சொல்லிவிட்டு இறங்கினாள். கண்டக்டர் விசில் ஊதினார்.

செங்கல்பட்டில் மின்சார ரயில் தயாராக நின்றது. சுப்புராமன் ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். பையை வாங்கிக்கொண்டு, "என்னக்கா, புடவையெல்லாம் மீன் வாசனை?" என்று முகத்தைச் சுளித்தான். "பஸ்ல கூட்டம்" என்றாள் பார்வதம். மாடி அறையில் கட்டில் போட்டு, புது விரிப்பு விரித்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம் தெரியும். தம்பி மனைவி கீழே இருந்து, "மைனி, குளிச்சிட்டுச் சாப்பிட வாங்க" என்று குரல் கொடுத்தாள். பார்வதம் உடனே குளிக்கப் போகவில்லை. அந்த மீன் வாசனைப் புடவையோடே கட்டில் ஓரமாக உட்கார்ந்து, தாம்பரம் பக்கம் போகும் ரயில் கடந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.